பாதி பிடுங்கிய கேபிள்

எங்கள் ஊரில் ஷமீனா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் பாதிப் பேர், "கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குது" என்பார்கள். மீதிப் பேர், "வூட்ல சும்மாதான் இருக்குது" என்பார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எழுத்தாளர் கிடையாது. பெயர் வளர்மதி. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும் என்று பேட்டை முழுக்கச் சொல்வார்கள். வரத்தான் செய்யும். இதைப் படித்து முடித்த பிறகும் உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர், ரத்தக்கொதிப்பே வராது.

அவள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு யுஎஸ்பி கேபிளைச் செருகுகிறோம். வந்திருப்பது மவுஸா, பிரிண்டரா, வேறு எதுவுமா என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அதனோடு அதன் பாஷையில் பேச வேண்டும். அப்படிப் பேசுவதற்கென்று எழுதி வைத்திருக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடியாழத்தில், கெர்னல் என்கிற பகுதிக்குள் இருக்கும். மேலே ஒரு புரோகிராமில் தப்பு நடந்தால் அந்தப் புரோகிராம் மட்டும் நிற்கும். கெர்னலில் தப்பு நடந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் கல்லாக உறைந்துவிடும்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று திறந்து விட்டிருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதன் கெர்னலில் ஒரே ஒரு டிரைவருக்கு ஷமீனா பொறுப்பாளர். சூட்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டி, எடைமேடை, பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கிற மெஷின் மாதிரி பழைய சாமான்கள் பழைய ஒயரில்தான் பேசும். அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு மாற்றி உண்டு. அதைத் தயாரித்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, மாற்றிகள் மட்டும் உலகம் முழுக்க உழைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கான டிரைவர்தான் இவளுடையது. அதில் யார் எந்த எழுத்தை மாற்ற அனுப்பினாலும் இவள் படித்து, சோதித்து, சரி என்று சொன்ன பிறகுதான் மேலே போகும். இதற்குச் சம்பளம் கிடையாது. சோற்றுக்கு வேறொரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள்.

இந்த வேலைக்கு அவள் வந்த வழியை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் அத்தா அப்துல் மாலிக்குக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். ஷார்ஜாவில் வேலை பார்க்கிற பைரோஸுக்குக் கட்டிக்கொடுத்தார். ஊரிலேயே ஒரு வேலை இருந்தால் போதும் என்று ஷமீனா எங்கள் பொதுச் சூளையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். பேட்டையில் எல்லோருக்கும் சொந்தச் சூளை வைக்க வசதியில்லை. அதனால் சின்னப் பட்டறைக்காரர்கள் நாங்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து ஒரு கேஸ் சூளை வைத்திருக்கிறோம். இன்னும் சுடாத பச்சைச் சரக்கை ஒரே வண்டியில் தட்டுத் தட்டாக அடுக்கிச் சேர்த்துச் சுடுவோம். ஒரு தட்டில் என் ஃபியூஸ் கட்டை, ஒரு தட்டில் நடராசன் அண்ணனின் கொலு பொம்மை, ஒரு தட்டில் நல்லமுத்துவின் சுவிட்ச் கட்டை. எந்த நேரத்தில் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டர் படிப்படியாகச் சூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவில் அது வாயடைத்துப் போனால், சூளை கடைசியாகக் கேட்ட சூட்டையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

சேர்ந்து சுடுகிறோமே தவிர எங்களுக்குள் நம்பிக்கை என்பது மருந்துக்கும் கிடையாது. கேஸை மிச்சம் பிடிக்கச் சூட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். சங்கத்துக் கம்ப்யூட்டர் காட்டுகிற எண்ணை நம்பாமல் ஆளாளுக்கு ஒரு லேப்டாப் தூக்கிக்கொண்டு வருவோம். ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கி, தன் லேப்டாப்பில் செருகி, சூட்டைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி அதிலேயே செருகிவிட்டுப் போவோம். புரோகிராமை மூடிவிட்டுக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நானும் பிடுங்குவேன். எல்லோரும் பார்க்க, வெடுக்கென்று பிடுங்குவேன்.

ஒருநாள் இதில் அடிதடியே ஆகிவிட்டது. சங்கச் செயலாளர் நல்லமுத்து கூட்டம் போட்டு, இனிமேல் கேபிளை யாரும் தொடக்கூடாது, தொட்டால் சங்கத்தை விட்டு நீக்கம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கையைத் தூக்கினோம்.

அதற்குப் பிறகு வந்த நவராத்திரிக்கு முந்தின சூட்டில், சூளை உச்சத்தில் இருக்கும்போது கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. ஷமீனா மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். அவள் வந்து பார்த்துச் சூளையை நிறுத்துவதற்குள் தாமதமாகிவிட்டது. வண்டியை வெளியே இழுத்தபோது நடராசன் அண்ணனின் தசாவதார செட்டு முழுக்க வெயிலில் வைத்த வெல்லம்போல இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் வண்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஷமீனா கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததை எடுத்துக் காட்டினாள். கேபிள் கழன்றது, மாட்டியது, மறுபடி கழன்றது என்று ஒரு நொடிக்குள் நடந்தது அத்தனையும் அதில் இருந்தது. "யாரோ கேபிளத் தொட்டிருக்காங்க. அதுக்கு அப்புறந்தான் நின்னிருக்குது" என்றாள்.

நல்லமுத்து எழுந்தார். "யாரும்மா தொட்டாங்க? இங்க இருக்கற அத்தன பேரும் கை தூக்கித் தீர்மானம் போட்ருக்கோம். மெஷினு எழுதறதெல்லாம் ஒரு சாட்சியா? நீ கம்ப்யூட்டர ஒழுங்கா பாக்கல, அதான் போச்சு. தப்ப ஒத்துக்க, அதவுட்டுட்டு எங்க மேல பழியப் போடாத."

ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! நான் மட்டும் கத்தினேன். என் ஒரு குரல் என்ன செய்யும்? அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பைரோஸ் ஷார்ஜாவிலிருந்து போன் போட்டு, "வுடு புள்ள, அவனுங்களும் அவனுங்க சூளையும்" என்றாராம். ஊரில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் போகவில்லை. பொம்மையைக் கெடுத்த பொண்ணு. நடராசன் அண்ணன் அன்றிலிருந்து அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவள் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு படுக்கவில்லை. டிரைவரைத் திறந்து படித்தாள். கேபிள் கழன்றால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? தன் சாமான்களைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் மேலே புரோகிராம் இன்னும் அந்தச் சாமானைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிரைவர் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டது. புரோகிராம் இல்லாத இடத்தில் கையை வைத்தது, கெர்னல் விழுந்தது. பிடித்திருப்பவர் கையை எடுக்கும்வரை காத்திருந்து, பிறகு காலி செய் என்று அவள் திருத்தம் எழுதி அனுப்பினாள். அதை வாங்கிக்கொண்ட பழைய பொறுப்பாளர், தனக்கு வயதாகிவிட்டது, நீயே பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் அது இவள் கைக்கு வந்தது. வேலையை விட்டுத் துரத்தின சூளையில் அவள் எழுதின அந்தத் திருத்தம்தான் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறைகூடக் கம்ப்யூட்டர் உறையவில்லை. நன்றி சொல்ல எவனுக்கும் தோன்றவில்லை, என்ன நடந்தது என்றே தெரியாதவர்களுக்கு எப்படித் தோன்றும்?

இந்த வருஷம் பாரி வந்தான். நேரில் வரவில்லை, கடிதமாக வந்தான். பெங்களூரில் பெரிய கம்பெனியில் கெர்னல் வேலை பார்க்கிறவன். பழைய யுஎஸ்பி டிரைவர்கள் பலவும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கின்றன, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே அடித்தளம் கட்டி, அவற்றை அதன்மேல் மாற்றி எழுதலாம் என்று வரிசையாகத் திருத்தங்கள் அனுப்பியிருந்தான். வெளியே செய்கிற வேலை மாறாது, உள்ளே மட்டும் ஒழுங்காகும். ரீஃபாக்டர் என்பார்கள்.

"நல்ல வேலைக்கா இது" என்றாள் ஷமீனா. அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "நானே செய்யணும்னு நெனச்சதுதான். ஆயிரக்கணக்குல வரி கொறையுது. ஆனா அந்தக் காத்திருக்கற வரிய எடுத்துட்டாரு."

"ஏன் எடுத்தான்?"

"தேவையில்லாத மாதிரி இருக்குதாம். மத்த டிரைவருக்கெல்லாம் இல்லாம இதுக்கு மட்டும் எதுக்குன்னு கேக்கறாரு. அந்த மாத்தியே அவருகிட்ட இல்ல. ஓட்டிப் பாக்காம, கம்பைல் ஆச்சுன்னு மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டாரு."

அந்த வரி வேண்டும் என்று அவள் பதில் எழுதினாள். எப்படி விழுகிறது, செய்து காட்டுங்கள் என்று அவன் கேட்டான். யுஎஸ்பி டிரைவர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற பெரிய பொறுப்பாளரும் அதையேதான் கேட்டார். புதுப் பதிப்புக்குத் திருத்தம் வாங்குகிற காலம் முடியப்போகிறது, அதற்குள் காட்டினால் வரி இருக்கும், இல்லாவிட்டால் பாரி எழுதினபடியே சேர்த்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். நியாயமாக இருப்பதால்தான் இன்னும் எரிச்சல்.

பாரி ஒருநாள் அவளுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில் இருந்தேன். அவனுக்குச் சொந்த ஊர் நல்லூராம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். அந்த உரிமையில் சிரித்துக்கொண்டே கேட்டான்: "மேடம், நம்மூரு ஆளுங்க கண்டபடி ஒயரப் புடுங்குவாங்கன்றதுக்காக உலகத்துக்கே போற கெர்னல்ல ஒரு வரி வைக்கணுமா? புரோகிராம மூடிட்டுக் கழட்டச் சொல்லுங்க, முடிஞ்சிது."

ஷமீனாவின் முகம் சிவந்துவிட்டது. "பாரி, நீங்க கார்டு ரீடர, பென் டிரைவ என்னிக்காவது மூடிட்டுக் கழட்டியிருக்கீங்களா?" என்றாள். அவன் சிரிப்பை நிறுத்தினான். ஆனாலும் செய்து காட்டச் சொல்லித்தான் போனை வைத்தான்.

அவளால் செய்து காட்ட முடியவில்லை. அதுதான் கொடுமை. பாரியின் நிரலைப் போட்டு, மாற்றியைச் செருகி, கழற்றி, செருகி, கழற்றி விரல் வீங்கிப்போனாள். கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. நானும் பிடுங்கிப் பார்த்தேன். என் பிடுங்கலுக்குச் சூளை அறைச் சுவரே பெயர்ந்துவிடும், இது அசையவில்லை. அன்றைக்கு என்ன விதமாகக் கழன்றதோ அந்த விதம் எங்கள் கைக்கு வரவில்லை.

"நம்ம சூளைக்குப் புதுசு போடாம பழசையே வச்சிக்கலாம் வுடு. நமக்கென்ன?" என்றேன்.

அவள் என்மேல் எரிந்து விழுந்தாள். "நம்ம சூளைக்காவா நான் பொறுப்பு எடுத்தேன்? எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில இந்த மாத்தி இருக்கும்க்கா. அங்க ஒருத்தரு கால் தட்டி ஒயரு கழலும். அவரு நமக்குப் போன் பண்ணி சொல்லுவாரா?"

சூளையிலேயே வைத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். சூளையைப் பார்த்துக்கொள்கிற முறை எனக்கு வந்தபோது, சூடு முடிந்து கேஸை அணைத்த பிறகு சங்கத்துக் கம்ப்யூட்டரில் பாரியின் நிரலைப் போட்டாள். ஆறுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றாலும் சரக்குக்கு ஒன்றும் ஆகாது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் சூளை அறையின் கோடியில், அடுக்கி வைத்த தட்டுகளுக்குப் பின்னால் டிபன் பாக்ஸைத் திறந்தோம்.

அப்போது நல்லமுத்து உள்ளே வந்தார்.

கக்கத்தில் லேப்டாப். வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தட்டுகளுக்குப் பின்னால் நாங்கள் இருப்பது தெரியவில்லை. சூடு சீக்கிரமாக இறங்கினால் சுவிட்ச் கட்டை விரிசல் விடும், அதைப் பார்க்க வந்திருக்கிறார். கேபிளில் கையை வைத்து மெதுவாக இழுத்தார். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தார், பாதி கழன்றிருந்த கேபிளை அப்படியே உள்ளே அழுத்தினார். யாரும் வரவில்லை என்றதும் மறுபடி இழுத்தார். கம்ப்யூட்டர் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் அப்படியே நின்றுவிட்டன.

நான் சோற்றுக் கையோடு எழுந்தேன். "யோவ்!"

கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டே அந்த ஆள், "நான் தொடல" என்றார். இதை என்னவென்று சொல்வது? அன்றைக்குப் பொம்மையைக் கெடுத்தது யார் என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஷமீனாவுக்கும் தெரிந்திருக்கும். வருஷக்கணக்காக அவள்மேல் பழியைப் போட்டுவிட்டு, செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஊரைக் கூட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

ஷமீனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் நல்லமுத்துவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாதிதான் கழட்டுனாருக்கா" என்றாள். "நாம முழுசா கழட்டுனோம். அந்தக் கேபிள் தலையில கரண்டு வர்ற கம்பி நீளமா இருக்கும், பேசற கம்பி குட்டையா இருக்கும். பாதி இழுத்தா பேச்சு மட்டும் அறும், கரண்டு போவாது. மாத்தி செத்துப் பொழைக்காம முழிச்சிக்கிட்டே இருக்கும். திரும்ப அழுத்துனதும் பழைய பதிலத் தூக்கிப் போடும். நாம பயமில்லாம புடுங்குனோம், அதான் வரல."

பிறகு அவரிடம், "அண்ணே, இன்னொரு வாட்டி அதே மாதிரி செய்யுங்க" என்றாள்.

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "நடராசனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாம்மா. சங்கத்துல வுட மாட்டாங்க. வெளிய சொல்லிடாதம்மா" என்று கெஞ்சினார்.

"சொல்ல மாட்டேன். வளர்மதி அக்காவும் சொல்ல மாட்டாங்க. நீங்க செஞ்சி காட்டுங்க, நான் பதிவு பண்ணிக்கறேன்."

என்னைக் கேட்காமலே என் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பாதி இழுத்தார், அழுத்தினார், இழுத்தார். செய்தபோதெல்லாம் கம்ப்யூட்டர் விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் அவள் முகம் பெருநாள் மாதிரி மலர்ந்தது. கடைசியில், "தப்பக் கண்டுபுடிச்சவங்க பேரு, சோதன பண்ணவங்க பேரு எல்லாம் அடியில போடறது எங்க வழக்கம்ணே. உங்க பேரப் போடட்டுமா?" என்று கேட்டாள். "வேணவே வேணாம்" என்று அவர் இரண்டு கையையும் ஆட்டினார்.

அவள் எல்லாவற்றையும் அனுப்பினாள். பெரிய பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். பாரியும் ஒப்புக்கொண்டான், அதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். வரியைத் திரும்பச் சேர்த்துப் புதிதாக அனுப்பினான். கூடவே அந்த வரிக்கு மேலே ஒரு விளக்கம் எழுதியிருந்தான். பயன்படுத்துகிறவர்கள் தவறான முறையில் கேபிளைக் கழற்றும்போது ஏற்படும் கோளாறைத் தவிர்க்க இது, என்று இங்கிலீஷில் இருந்தது.

எனக்கு அது தேனாக இனித்தது. "பாத்தியா, தவறான மொறையில கழட்டுனதாலன்னு அவனே எழுதிட்டான். இத அப்படியே வுடு. நாளைக்கே பிரிண்டு எடுத்துச் சங்கத்துல ஒட்டறேன். யாரு பேரையும் சொல்ல வேணாம். தப்பு ஆளுமேல, கம்ப்யூட்டர் பொண்ணுமேல இல்லன்னு ஊருக்கே தெரியட்டும்."

"வுட மாட்டேன்க்கா. மாத்தச் சொல்லிட்டேன்."

"என்னான்னு மாத்தச் சொன்ன?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போது கேபிள் எப்படிக் கழண்டாலும் தாங்கறது டிரைவரோட வேல. இதுக்கு முன்னாடி தாங்கல, அது டிரைவரோட தப்பு. இப்படி எழுதணும்னேன்."

"உனக்குப் பைத்தியமா? நீயே உம்மேல தப்புன்னு எழுதிக் கொடுக்கறியா? இத்தன வருஷம் அந்த ஆளு சொன்னதும் இதத்தானே!"

"ஆமா." அவள் குரலும் உயர்ந்தது. "எனக்கு மட்டும் வலிக்கலன்னு நெனச்சீங்களா? எங்க அத்தா கடையில வந்து நின்னு, உங்க பொண்ணு பொம்மையக் கெடுத்துடுச்சாமேன்னு கேட்டாங்கக்கா. அவரு ஒண்ணும் பேசாம பாத்திரத்த எட போட்டுக் குடுத்தாரு. எல்லாம் ஞாபகம் இருக்குது. ஆனா தவறா கழட்டறவங்களுக்காக இந்த வரின்னு எழுதுனா, நாளைக்கி இன்னொரு பாரி வருவாரு. முட்டாளுங்களுக்காக எழுதுன வரிதான, எடுத்துடலாம்பாரு. அன்னிக்கி நான் இருக்க மாட்டேன். டிரைவரோட வேலன்னு எழுதி வச்சாதான் அந்த வரியில கை வைக்க பயப்படுவாங்க."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் தணியும் என்று யார் சொன்னார்கள்? அன்று அவள் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னபடியே வரி ஏறியது. அடியில் பாரி பெயர் இருந்தது, அவள் பெயர் இருந்தது. நல்லமுத்து பெயர் இல்லை.

புதுப் பதிப்பு வந்ததும் சங்கத்துக் கம்ப்யூட்டரில் அதைப் போடுவதற்காக ஷமீனாவைக் கூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனேன். வேலை முடிந்து வாசல் டீக்கடையில் நின்றோம். நல்லமுத்து ஏற்கெனவே அங்கே இருந்தார், சுற்றிலும் சங்கத்து ஆட்கள், பெஞ்சின் கோடியில் நடராசன் அண்ணன். தன் பெயர் எங்கேயாவது வந்திருக்கிறதா என்ற பயத்தில், சென்னையில் இருக்கிற மகனிடம் சொல்லி இணையத்தில் அந்தத் திருத்தத்தைப் படிக்க வைத்திருக்கிறார். பெயர் இல்லை என்றதும் மனுஷனுக்குத் தெம்பு வந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"நான் அன்னிக்கே சொன்னனா இல்லயா? இப்ப அதுவே இங்கிலீசுல எழுதி ஒத்துக்கிச்சு. தப்பு ஆளுங்கமேல இல்ல, டிரைவர்மேலதான்னு. எம் பையன் படிச்சிக் காட்டுனான். நாம பாவம், வருஷக்கணக்கா ஒருத்தர ஒருத்தரு சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தோம்."

நடராசன் அண்ணன் ஷமீனாவைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த சூடு டீயை அந்த ஆள் முகத்தில் ஊற்றினால் என்ன என்றுதான் இருந்தது. கொடுத்த வாக்குதான் தடுத்தது.

ஷமீனா நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "ஆமாங்க, டிரைவர் தப்புதான்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். "அப்படி எழுதச் சொன்னதே நான்தான். என் பேரும் அதுல இருக்குது. சோதன பண்ணிக் குடுத்தீங்களே, உங்க பேரையும் போடட்டுமான்னு கேட்டேன். நீங்கதான் வேணவே வேணாம்னீங்க."

நடராசன் அண்ணன் பெஞ்சிலிருந்து திரும்பினார். "உம் பேரு எதுக்குய்யா அதுல?"

"அது ஒண்ணுமில்ல நடராசா. சும்மா, டெஸ்டிங்குக்கு..."

"என்னா டெஸ்டிங்கு? கேபிளத் தொட்டதே இல்லன்னியே, உன்ன வச்சி என்னாத்த டெஸ்ட் பண்ணாங்க?"

அண்ணன் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஷமீனாவைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவள் அவள்தான், வேண்டாம் என்று அவள் தலையை அசைத்திருந்தால் நான் அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருப்பேன். அவள் தலையை அசைக்கவில்லை.

டீ க்ளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொல்றேண்ணே" என்றேன்.